சின்னக்கருப்பன் வீட்டு வரி

தேவிகா பதினொன்றாம் வகுப்பில் அரசியல் அறிவியல் எடுத்தது நாட்டைத் திருத்துகிற எண்ணத்தில் அல்ல. பத்தாம் வகுப்பில் கணக்கு காலை வாரிவிட்டது, அவ்வளவுதான். கோட்டையூரில் அவள் சேர்ந்த பள்ளியில் கலைப் பிரிவில்தான் இடம் இருந்தது. சித்தப்பா சேவுகப்பெருமாள் வீட்டுக்கு வந்து, "அரசியலு படிச்சு என்னத்தா பண்ணப்போற, கரை வேட்டி கட்டப்போறியா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார். அம்மா மீனம்மாள் மட்டும், "எதப் படிச்சாலும் ஒழுங்காப் படி" என்றாள்.

அவர்கள் ஊர் நாச்சியாபுரத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. டவுன் பஸ் வந்து திரும்பிப் போகிற கடைசி ஊர். தேவிகாவின் அப்பா சின்னக்கருப்பன் கொத்தனார். நேமத்தான்பட்டியில் ஒரு பழைய வீட்டு மராமத்து வேலைக்குப் போனவர் சாரத்திலிருந்து விழுந்து இறந்தார். அப்போது தேவிகா ஏழாம் வகுப்பு. மீனம்மாள் காரைக்குடியில் ஒரு விடுதிச் சமையற்கட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். யாரிடமும் கைநீட்டாமல், யாரும் ஒரு சொல் சொல்ல இடம் கொடுக்காமல் மகளை வளர்த்தாள். ஆனாலும் ஒரு குறை அவள் மனதை அறுத்துக்கொண்டே இருந்தது. ஊர் அவள் வீட்டில் வரி வாங்குவதை நிறுத்திவிட்டது.

வரி கட்டாமல் தப்பித்ததற்கு யாராவது வருத்தப்படுவார்களா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். இது அரசாங்க வரி இல்லை, கோயில் வரி. அய்யனாருக்கு மண்குதிரை செய்து புரவி எடுக்கிற ஆண்டில், தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஊர்க்கூட்டம் முடிவு செய்யும். தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண்பிள்ளை இருக்கும் வீடு. அவன் செத்துப்போனால், மகன் தலையெடுத்து ஒருத்தியைக் கட்டும்வரை அந்த வீட்டில் வரி வாங்க மாட்டார்கள். புருஷனை இழந்தவளிடம் காசு வாங்குவது பாவம் என்று முன்னோர் இரக்கப்பட்டுச் செய்த ஏற்பாடு.

இரக்கம்தான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் வரி கட்டாத வீட்டுக்குக் கூட்டத்தில் வாய் கிடையாது. திருவிழா அன்று ஒலிபெருக்கியில் வீடு வீடாகப் பேர் வாசிக்கும்போது அந்த வீடு வராது. தெருக்குழாயை மேலத்தெருவுக்கு மாற்றியபோது மீனம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்கு மகனும் இல்லை. அப்படியானால் சின்னக்கருப்பன் வீடு என்று ஒன்று அந்த ஊரில் இருந்ததே அவரோடு முடிந்துபோன கதை. இதை நினைத்துத்தான் அவள் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள்.

இந்த ஆண்டு கண்மாய் நிறைந்தது. புரவி எடுப்பது என்று ஊர் கூடி முடிவானது. மீனம்மாள் கொழுந்தனாரைக் கூப்பிட்டுப் பணத்தைக் கையில் கொடுத்தாள்.

"தம்பி, எங்க வீட்டு வரி. கூட்டத்துல குடுத்துருங்க."

சேவுகப்பெருமாள் போன சுருக்கில் திரும்பி வந்தார். "வழக்கமில்லைங்குறாக மதினி. ஒங்களச் செரமப்படுத்தக் கூடாதுன்னுதான் சொல்றாக. அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறீக?"

மீனம்மாள் பணத்தை வாங்கி முந்தியில் முடிந்துகொண்டாள். இரண்டு நாளைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை மகள் கவனித்தாள்.

அந்த வாரம்தான் பள்ளியில் அது நடந்தது. அரசியல் அறிவியல் ஆசிரியர் ஜான் பீட்டர் நன்றாகப் பாடம் நடத்துவார் என்று சொன்னால் அது பொய். புத்தகத்தை வாசிப்பார், முக்கியமான வரியில் கோடு போடச் சொல்வார், மணி அடித்தால் போய்விடுவார். என்ன தோன்றியதோ, பிரிட்டன், அமெரிக்கா, சுவிட்சர்லாந்து ஆட்சிமுறைகளை முடித்த கையோடு ஒரு வேலை கொடுத்தார். அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு, நீங்கள் நேரில் பார்த்த ஏதாவது ஒரு நிர்வாகத்தோடு ஒப்பிட்டு வகுப்பில் பேசுங்கள் என்றார். ஆஷ்லின் என்ற பெண் தன் மாதா கோயிலின் பங்குப் பேரவையை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தோடு ஒப்பிட்டாள். ஒரு பையன் கிரிக்கெட் குழுவைப் பற்றிப் பேசிக் கைதட்டு வாங்கினான்.

தேவிகா தன் ஊர்க்கூட்டத்தைப் பற்றிப் பேசினாள். முதலில் தடுமாறினாள். பிறகு சொற்கள் தாமாக வந்தன.

"அமெரிக்காவுல குடியேறுனவங்க இங்கிலாந்து ராஜாகிட்ட, எங்களுக்கு உங்க சபையில இடமில்ல, அதனால வரி கட்ட மாட்டோம்னு சொன்னாங்க. அதுலதான் ஒரு நாடே பொறந்துச்சு. எங்க ஊர்ல எங்க அம்மா வரி கட்ட மாட்டேன்னு சொல்லல. கட்டுறேன்னு சொல்றாங்க. ஊருதான் வாங்க மாட்டேங்குது. வாங்கிட்டா எங்களுக்கும் சபையில இடம் குடுக்கணும். சுவிட்சர்லாந்துல ஒரு மலைநாட்டுப் பகுதியில பொம்பளைங்க ஓட்டுப்போடக் கோர்ட்டு சொல்ற வரைக்கும் காத்திருந்தாங்க. அது ரொம்பப் பழைய காலம் இல்ல. அந்த ஊர்க்காரங்களும் கெட்டவங்களா இருந்திருக்க மாட்டாங்க. எங்க ஊர்க்காரங்களும் கெட்டவங்க இல்ல. எங்க மேல பாவப்படுறாங்க. ஆனா பாவப்படுறது வேற, கணக்குல சேக்குறது வேற."

ஜான் பீட்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தான் இவ்வளவு பேசியதைத் தேவிகாவாலேயே நம்பமுடியவில்லை.

அதே வகுப்பில் கதிரவன் என்று அவள் ஊர்ப் பையன் ஒருவன் இருந்தான். அவன் அதைக் கைபேசியில் படம் எடுத்து, "நம்ம ஊர்ப் புள்ள பேசுறதப் பாருங்க" என்று ஊர் வாட்ஸப் குழுவில் போட்டான். பெருமைக்காகத்தான் போட்டான். அவன்மேல் குற்றமில்லை. ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் அது சிங்கப்பூரிலும் துபாயிலும் வேலை பார்க்கிற ஊர்க்காரர்கள்வரை போய்ச் சேர்ந்துவிட்டது. ஊர் மானத்தைக் கோட்டையூர் வரைக்கும் கொண்டுபோய் வாங்கிவிட்டாள், வெள்ளைக்காரன் கதையெல்லாம் சொல்லிச் சாமி வழக்கத்தைப் பழித்துவிட்டாள் என்று பேச்சு கிளம்பியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவர் வாசலில் வந்து நின்றார். ஊர்க்கூட்டத்துக்கு அழைப்புச் சொல்கிறவர். "சின்னக்கருப்பன் வீடு. இன்னைக்கு நாலு மணிக்கு ஊர் கூடுது. வந்து பதில் சொல்லணும்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

தேவிகா, அம்மா திட்டப்போகிறாள், அழப்போகிறாள் என்று பயந்து திரும்பினாள். மீனம்மாள் அழவில்லை. முகம் தெளிந்திருந்தது. தலைக்குக் குளித்தாள், பெட்டியிலிருந்து நல்ல சேலையை எடுத்துக் கட்டினாள். அபராதம் கட்டப் போகிறவள் மாதிரி இல்லை, கல்யாண வீட்டுக்குப் புறப்படுகிறவள் மாதிரி இருந்தாள். அது மகளுக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

கோயில் பொட்டலில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தாயும் மகளும் எதிரே நின்றார்கள். சித்தப்பா தலைகுனிந்து ஓர் ஓரத்தில் இருந்தார். ஊர்ப் பெரியவர் மீனாட்சிசுந்தரம் நல்ல மனிதர். சின்னக்கருப்பன் இறந்தபோது சடலத்தை வீட்டுக்குக் கொண்டுவர அலைந்தவர் அவர்தான். அவர் குரலை உயர்த்தாமலே பேசினார்.

"ஏத்தா மீனம்மா, பிள்ளைக்குச் சொல்லி வளக்க வேணாமா? நாலு சுவத்துக்குள்ள பேசுறத ஊரு ஒலகத்துல பேசலாமா? ஊரு தண்டம் போடணுங்குது. கட்டுறியா?"

"கட்டுறேன் மாமா" என்றாள் மீனம்மாள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

கூட்டம் இதை எதிர்பார்க்கவில்லை. மறுத்துப் பேசுவாள், அழுது மல்லுக்கு நிற்பாள் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

"தண்டத்தச் சின்னக்கருப்பன் வீட்டுப் பேர்லதான வாங்குறீக?" என்று அவள் கேட்டாள்.

"பின்ன யாரு பேர்ல?"

"தலைக்கட்டு இல்லாத வீட்டுக்கு இந்த ஊர்ல தண்டம் போட்டதில்ல மாமா. எங்க மாமனார் காலத்துல இருந்து நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எங்களக் கூப்பிட்டு நிறுத்தீருக்கீக. அப்ப நாங்க தலைக்கட்டுதான். தண்டத்தையும் வாங்கிக்கங்க, வரியையும் வாங்கிக்கங்க. ரெண்டையும் கொண்டுவந்துருக்கேன்."

முன்வரிசையில் இருந்தவர்கள் தலையைச் சேர்த்துக் குசுகுசுத்தார்கள். வாங்கினால் நாளைக்கு ஊரில் உள்ள ஒவ்வொரு தாலியறுத்தவளும் முந்தியில் பணத்தோடு வந்து நிற்பாள். வாங்காவிட்டால் கூப்பிட்டு நிறுத்தியது தப்பாகிவிடும். தேவிகா அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வாங்கிவிடுவார்கள் என்று அவளுக்கு உறுதியாகத் தோன்றியது. வேறு என்ன வழி இருக்கிறது அவர்களுக்கு?

மீனாட்சிசுந்தரம் தொண்டையைச் செருமினார். அவர் முகத்தில் உண்மையாகவே கருணை இருந்தது.

"வேணாந்தா. தகப்பன் இல்லாத பிள்ள, ஏதோ தெரியாமப் பேசிருச்சு. நீயும் பாவம். தண்டமெல்லாம் ஒண்ணும் வேணாம். ஊரு மன்னிச்சிருச்சு. வீட்டுக்குப் போங்க."

கூட்டமே மூச்சுவிட்டது. சேவுகப்பெருமாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஊரக் கும்பிட்டுட்டு வாங்க மதினி" என்று எழுந்து வந்தார்.

மன்னிப்பு இவ்வளவு வலிக்கும் என்று தேவிகாவுக்கு அதுவரை தெரியாது. செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

மீனம்மாள் நகரவில்லை. "நான் மன்னிப்புக் கேக்கலையே மாமா" என்றாள். குரல் உடைந்திருந்தது. "தப்புப் பண்ணுன வீடுன்னு சொல்லுங்க. தண்டம் கட்டுன வீடுன்னு சொல்லுங்க. குத்தவாளியாவாச்சும் எங்கள இந்த ஊர்ல வச்சுக்கங்க."

யாரும் அவளைப் பார்க்கவில்லை. மீனாட்சிசுந்தரம் தரையைப் பார்த்தபடி, புரவி செய்கிற வேளாரை எப்போது போய்ப் பார்ப்பது என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். பக்கத்தில் இருந்தவர் பதில் சொன்னார். இன்னொருவர் பந்தல்காரரைப் பற்றிச் சொன்னார். பேச்சு அங்குட்டுப் போய்விட்டது. தாயும் மகளும் கொஞ்ச நேரம் நின்றார்கள், பிறகு நடந்தார்கள்.

தெருமுனை தாண்டியதும் தேவிகா, "என்னாலதாம்மா எல்லாம்" என்றாள்.

"ஆமா, ஒன்னாலதான்" என்றாள் மீனம்மாள். "ஒங்கப்பன் போனதுக்கப்புறம் இன்னைக்குத்தான்த்தா நம்ம வாசல்ல வந்து நின்னு அவுக பேரச் சொல்லிக் கூப்புட்டாக."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. புருஷன் செத்த அன்று அழுததைப் போல, நடுத்தெருவில் நின்று அழுதாள்.