ஜூலை மாத நீர்மட்டம்

2023 அக்டோபர் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, ஹான் தென்காசியை விட்டுப் புறப்பட்டாள். செவ்வாய்க்கிழமை போய் யாராவது தூரதேசம் கிளம்புவார்களா என்று இசக்கிமணி அண்ணாச்சி காலையிலிருந்து நாலு தடவை கேட்டுவிட்டார். புதன்கிழமைக்கு டிக்கெட் கிடைக்கவில்லையா, வியட்நாமில் கிழமையே கிடையாதா என்றெல்லாம் கேட்டார். அதை ஹானுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவள் மாரிச்செல்வி. அவள் சொல்லவில்லை. அண்ணாச்சி வழியனுப்புகிறார் என்று மட்டும் சொன்னாள்.

சென்னை ரயில் மாலையில் வந்து நின்றது. இரண்டு பெட்டிகளையும் ஏற்றிவிட்டு ஹான் மறுபடி இறங்கி வந்து, பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். அவள் ஊர்க் காப்பித்தூளும், டம்ளர் மேல் வைத்து வடிக்கிற சின்னத் தகர வடிகட்டியும். "அண்ணனுக்கு" என்று தமிழிலேயே சொன்னாள். அண்ணன் ஸ்டேஷனுக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

கொச்சிக்குத் தேங்காய் லோடு, காலையிலேயே போய்விட்டார் என்றாள் மாரிச்செல்வி.

ரயில் நகர்ந்தது. ஹான் கதவருகில் நின்று கையை ஆட்டிக்கொண்டே போனாள். இசக்கிமணி துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மாரிச்செல்வியின் முகத்தைப் பார்க்காமல் படியை நோக்கி நடந்தார். ஹான் அண்ணன் என்று கூப்பிட்ட பாண்டித்துரை இறந்து அன்றைக்குத் தொண்ணூற்றொரு நாள் ஆகியிருந்தது.

மாரிச்செல்விக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. தாவரவியலில் பி.எஸ்சி. படித்துவிட்டு, இலஞ்சியில் ஒரு உரக்கடையில் பதினோரு வருஷம் நின்றவள். எந்த வயலில் எந்தப் பூச்சி என்று விவசாயி கொண்டுவரும் இலையைப் பார்த்தே சொல்லிவிடுவாள். கணவன் பாண்டித்துரை லோடு வேன் ஓட்டினான். ஒரே மகள் சத்யபிரியா பன்னிரண்டாம் வகுப்பு.

ஹான் வியட்நாமின் தெற்கில், மீகாங் ஆறு கடலில் சேர்கிற நெல் பூமியிலிருந்து வந்தவள். இருபத்தொன்பது வயது. அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் ஊரில் நெல் கம்பெனிகள் குடும்பங்களோடு ஒப்பந்தம் போடுகின்றன. விதை கம்பெனியுடையது, உழைப்பு குடும்பத்துடையது, இப்போது தண்ணீரையும் வயலைக் காயவிட்டுக் காயவிட்டுத்தான் விடவேண்டும் என்று கம்பெனியே சொல்கிறது. குறைந்த தண்ணீரில் விளைந்த அரிசி என்று பையில் அச்சடித்தால் வெளிநாட்டில் மதிப்பு. ஒரு குடும்பம் அப்படிக் காயப்போட்டுப் பயிர் செய்தால் அதன் விளைச்சலும் பிழைப்பும் என்னவாகும் என்பதுதான் ஹானின் கேள்வி. ஒப்பிட்டுப் பார்க்க, கம்பெனியே எட்டிப் பார்க்காத ஒரு நெல் ஊர் தேவைப்பட்டது. சிற்றாற்றுப் பாசனத்தில் இருக்கும் இலஞ்சி அதற்குப் பொருந்தியது.

பால்வண்ணநாதன் என்பவர் தன் நிலத்தில் எட்டு வயல்களைக் கொடுத்தார். நான்கில் எப்போதும் போலத் தண்ணீர் நிற்கும். மற்ற நான்கில் மண் காய வேண்டும். நடுவே ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்று புதைத்திருக்கும். அதற்குள் நீர்மட்டம் தரைக்குக் கீழே பதினைந்து சென்டிமீட்டர் இறங்கும்வரை மடையைத் திறக்கக்கூடாது. தினமும் காலை ஏழு மணிக்கு அளவுகோலை விட்டுப் பார்த்து, செல்போனில் ஹானும் மாரிச்செல்வியும் பொதுவாக வைத்திருந்த அட்டவணையில் ஏற்றவேண்டும். அளப்பதும் எழுதுவதும், வீடுவீடாகப் போய்க் கேள்வி கேட்கும்போது மொழிபெயர்ப்பதும் மாரிச்செல்வியின் வேலை. மடை திறப்பதும் அடைப்பதும் இசக்கிமணி. அந்தப் பாசனத்தில் நாற்பது வருஷமாகத் தண்ணீர் பாய்ச்சுகிறவர் அவர்.

வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. ஏழரை, ஒன்பதே கால் என்று அரையும் காலுமாக அளப்பாள். ஹான் அந்த எண்களைப் பார்த்துவிட்டு, எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில்கூட இப்படி அளப்பவர்கள் இல்லை என்பாள். வீட்டுக் கேள்விகளில் ஒன்று, இந்த வீட்டில் முடிவெடுப்பது யார் என்பது. ஆண்கள் எல்லாரும் தயங்காமல் நான்தான் என்பார்கள். உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வரும். அந்தச் சிரிப்பை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று ஹான் கேட்பாள். பாண்டித்துரை லோடு இல்லாத நாளில் ஹானைத் தன் வேனில் ஏற்றிக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனான். அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு மூச்சு வாங்க வெளியே வந்தவள், அன்றிலிருந்து அவனை அண்ணன் என்று கூப்பிட்டாள்.

ஜூலை பத்தாம் தேதி, பேராசிரியரைப் பார்க்க ஹான் ஒரு மாதத்துக்கு ஊருக்குப் போனாள். அந்த வருஷம் சாரல் சரியாக விழவில்லை. கால்வாயில் முறை வைத்து விடும் தண்ணீர்தான். பயிர் தூர் கட்டும் நேரம். காயப்போடும் நான்கு வயல்களின் கணக்கில் இந்த மாதம்தான் முக்கியம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பதினெட்டாம் தேதி காலை, புளியரை செக்போஸ்ட் வரிசையில் வேன் நின்றுகொண்டிருந்தபோது பாண்டித்துரைக்கு நெஞ்சு வலித்தது. பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். செங்கோட்டைக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. வயது நாற்பத்து நான்கு.

மாரிச்செல்வி அழவில்லை. பெண்கள் கட்டிப்பிடித்து அழுதபோது, யாருடைய தலைமுடியோ தன் வாயில் படுகிறது என்று நினைத்தாள். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை வாசலைத் தாண்டக்கூடாது, பயிர் நிற்கும் வயலில் கால் வைக்கவே கூடாது. அதை யாரும் கடுமையாகச் சொல்லவில்லை. பால்வண்ணநாதன் வீட்டிலிருந்துகூட, மெதுவாக வரட்டும், அவசரமில்லை என்றுதான் சொல்லியனுப்பினார்கள். அதிலேயே எல்லாம் இருந்தது.

மறுநாள் அதிகாலை அவள் இசக்கிமணிக்குப் போன் போட்டாள். அளந்து சொல்ல முடியுமா என்று கேட்டாள். கோலெல்லாம் எனக்குப் பழக்கமில்லை தாயி, விரக்கடையில சொல்லுதேன் என்றார்.

அதன்பின் தினமும் ஆறரை மணிக்குப் போன் வரும். துக்கம் கேட்கும் பெண்கள் வருவதற்கு முன். மூணு விரக்கடை இறங்கியிருக்கு. நாலு விரக்கடை. விரற்கடைக்கு, அதாவது விரல் அகலத்துக்கு, இரண்டு சென்டிமீட்டர் என்று பெருக்கி, சுவரோரம் உட்கார்ந்தபடி அவள் அட்டவணையில் ஏற்றினாள். ஆறு, எட்டு, பத்து. அன்றைய நாளில் அவள் செய்கிற ஒரே காரியம் அதுவாக இருந்தது. ஹானுக்கு வேறு எதுவும் எழுதவில்லை. எழுதக்கூடாது என்று முடிவெடுத்ததில்லை. முதல் சொல் எது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் தாலியைக் கழற்றினார்கள். மறுநாள் காலை வயலுக்குப் போனாள்.

காய வேண்டிய நான்கு வயல்களிலும் வெடிப்பு இல்லை. அவள் வரப்பில் நின்று பார்த்தாள். மண் கறுத்து, குழைந்து, கால்தடம் படிகிற மாதிரி இருந்தது. பயிர் நான்கிலும் தளதளவென்று நின்றது. குழாய்க்குள் கோலை விட்டாள். தண்ணீர் தரைமட்டத்திலேயே இருந்தது. முந்தின நாள் அவள் எழுதியது பன்னிரண்டு.

இசக்கிமணி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கால்வாய்க் கரையில் நின்றார். அவராகவே பேசினார்.

"அன்னைக்கு சாயந்தரம் சுடுகாட்டுலருந்து நேரா இங்கனதான் வந்தேன் தாயி. வந்து பாத்தா நாலு வயலும் வெடிச்சுக் கெடக்கு. உன் வீட்டுல ஒண்ணு போயிட்டு. நீ பாக்குத பயிரும் காஞ்சு போவட்டும்னு வரப்புல உக்காந்து வேடிக்கை பாக்கவா?"

"தெனமும் அளந்து சொன்னீங்களே அண்ணாச்சி."

"குழாயில தண்ணி நெறஞ்சு கெடக்குன்னு சொன்னா உன் வேலை என்னத்துக்கு ஆவும்? நீ கேக்கும்படியா ஒண்ணைச் சொன்னேன். இறங்குற மாதிரிதானே சொன்னேன், ஏறுத மாதிரியா சொன்னேன்?"

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த வயல்களுக்குப் பாய்ந்த தண்ணீர், அவருக்குத் தெரிந்த ஒரே விதத்தில் அவர் செய்த ஆறுதல் என்பது புரிந்தது. புரிந்ததும் எங்கேயோ தூரத்தில் நடப்பது போலத்தான் இருந்தது. மடையை அடைத்துவிடுங்கள் என்று சொன்னாள். அன்றைய அளவைச் சைபர் என்று எழுதாமல், மழை என்று குறித்து, ஒன்றரை என்று எழுதினாள். அந்த ஒரு பொய்யை எழுதியது அவளேதான்.

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி ஹான் திரும்பி வந்தாள். இலஞ்சியில் யார் வேண்டுமானாலும் மாரிச்செல்வியின் நெற்றியையும் கழுத்தையும் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துகொள்வார்கள். ஹானுக்கு அதைப் படிக்கத் தெரியாது. மெலிந்துவிட்டீர்கள் அக்கா என்றாள். அண்ணன் எப்படி இருக்கிறார் என்றாள்.

லோடுக்குப் போயிருக்கிறார் என்று மாரிச்செல்வியின் வாய் சொன்னது.

சொன்னபிறகுதான் கவனித்தாள், தெருவில் நடந்தால் எதிரே வருகிறவர்கள் குரலைத் தாழ்த்துகிறார்கள். இவள் ஒருத்திதான் பழைய குரலில் பேசுகிறாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மறுநாளும் அதையே நினைத்தாள். ஹானுக்கும் ஊருக்கும் நடுவில் இருந்த ஒரே வாய் அவளுடையது. அவள் சொல்லாத எதுவும் ஹானுக்குப் போய்ச் சேராது.

செப்டம்பரில் ஒரு வீட்டில் கேள்விகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டுக்கார முப்பிடாதியம்மாள் பதில் சொல்வதை நிறுத்திவிட்டு மாரிச்செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படிப்பட்ட பிள்ளை. எங்க வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் சாமானெல்லாம் அவன்தான் ஏத்திட்டு வந்தான். உன்ன இப்படிப் பாக்கவா நா இருந்தேன்."

கிழவியின் கண் கலங்கியதைப் பார்த்து, என்ன சொல்கிறார்கள் என்று ஹான் கேட்டாள்.

கால்வாயில் தண்ணீர் போதவில்லை என்று சொல்கிறார் என்றாள் மாரிச்செல்வி.

ஹான் தலையை ஆட்டிக்கொண்டு அதைப் பதினேழாவது கட்டத்தில் எழுதினாள். மாரிச்செல்வி அவள் எழுதி முடிக்கும்வரை பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறுவடையில் காயப்போட்ட வயல்கள் நான்கும், தண்ணீர் நின்ற வயல்களுக்குச் சமமாக விளைச்சல் கண்டன. ஹான் வரப்பில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று தெரிய மாரிச்செல்விக்குச் சிறிது நேரம் ஆயிற்று. மூன்று வருஷ உழைப்பு. அவள் ஊரில் அவளுடைய அப்பாவின் நிலமும் கம்பெனி ஒப்பந்தத்தில் இருந்தது. தூர் கட்டும்போது அவ்வளவு காயப்போட்டும் விளைச்சல் குறையவில்லை என்றால், பயப்படாமல் காயப்போடலாம் என்று அப்பாவிடம் நானே சொல்வேன் என்றாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். நீர்மட்டம் தவறு என்று சொன்னால், ஏன் நீங்கள் அளக்கவில்லை என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால், இரண்டு மாதமாக லோடுக்குப் போனவன் யார் என்று வரும். ஒரு கல்லை எடுத்தால் சுவர் முழுதும் வந்துவிடும். அவள் நெல்லை எடை போட்டு, மூட்டையில் சீட்டைக் கட்டினாள்.

ஹான் போனபிறகு அவள் மறுபடி உரக்கடைக்கே போனாள். சத்யபிரியா பன்னிரண்டாவது முடித்து, திருநெல்வேலியில் கல்லூரி விடுதியில் சேர்ந்தாள். வேனை விற்றார்கள். காப்பிப் பொட்டலத்தைச் சத்யபிரியா ஒருநாள் பிரித்து வடித்துப் பார்த்து, கசக்குது அம்மா என்று பாதியைக் கொட்டினாள். இசக்கிமணி குழாய்களைப் பிடுங்கிக் கழுவித் தன் வீட்டு அவரைப் பந்தலுக்குக் கால் நட்டார். கடைக்கு வரும்போது வியட்நாம் பாப்பா பாஸாயிட்டாளா என்று கேட்பார். தெரியவில்லை என்பாள். அவர் அதற்குமேல் கேட்கமாட்டார்.

ஹான் அவ்வப்போது படம் அனுப்புவாள். படகில் நெல், மேசை முழுக்கக் காகிதம், தூங்கி வழியும் நாய். மாரிச்செல்வி கைகூப்பும் படம் ஒன்றைப் பதிலுக்கு அனுப்புவாள். மூன்று தடவை, ஹான், ஜூலை மாத அளவுகள், என்று தட்டச்சு செய்து அழித்தாள். அழித்ததும் துக்கமோ நிம்மதியோ வரவில்லை. கடையில் யாராவது யூரியா கேட்பார்கள், எழுந்துபோவாள். எல்லாம் அப்படியே நடந்தது. தூங்கினாள், சமைத்தாள், ஆடி அமாவாசைக்குப் பாண்டித்துரைக்குப் படையல் வைத்தாள். அன்றைக்கும் ஹான் அண்ணனை விசாரித்திருந்தாள். நலம் என்று எழுதினாள்.

2025 மார்ச்சில், ஒரு வியாழக்கிழமை, மதியம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் ஹானிடமிருந்து செய்தி வந்தது. இந்தத் தடவை படம் இல்லை. ஆங்கிலத்தில் நீளமாக எழுதியிருந்தாள். மாரிச்செல்வி நின்றபடியே படித்தாள்.

"மாரி அக்கா, அடுத்த மாதம் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். அதனால் எல்லா எண்களையும் மறுபடி ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். நீங்கள் எப்போதும் ஏழரை, ஒன்பதே கால் என்றுதான் எழுதுவீர்கள். ஜூலை பத்தொன்பதிலிருந்து ஆகஸ்ட் இரண்டுவரை ஆறு, எட்டு, பத்து என்று இரண்டிரண்டாகவே இருக்கிறது. ஒரு அரைகூட இல்லை. அது உங்கள் கை இல்லை. அந்த நாட்களை நீக்கிவிட்டு மேலே போ, யாரும் கேட்கமாட்டார்கள் என்று பேராசிரியர் சொல்கிறார். நீக்கினால் என் முடிவு நிற்காது, அது எனக்குத் தெரியும், அதைப் பற்றி நான் பிறகு யோசித்துக்கொள்கிறேன். அப்பாவிடம் வயலைக் காயப்போட வேண்டாம் என்று நேற்றே சொல்லிவிட்டேன். பத்து நாளாக எண்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் திரும்பி வந்தபிறகு அண்ணனை ஒருநாள்கூடப் பார்க்கவில்லை. அக்கா, அந்த நாட்களில் உங்கள் வீட்டில் என்ன நடந்தது?"