ஐந்நூறு அடியில் நீல ஊற்று

கீரமங்கலத்தை விட்டு ஆலங்குடிப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். கம்பெனி கொடுத்த போன் சட்டைப் பையில் கிடந்து நெஞ்சைச் சுட்டது. எதிரே போர் போடும் லாரி ஒன்று வந்தது. டிரைவர் என்னருகே நிறுத்தித் தலையை நீட்டினார்.

"நேத்து யாரோ போன்லயே பாயிண்ட் பாத்துக் குடுத்தாங்களாமே, மல்லிகைத் தோட்டத்துக்கு. அந்தக்கா வீட்டுக்கு எப்படிங்க போறது?"

"எந்தப் பாயிண்டு?"

"ஐந்நூறு அடியில ஊத்தாம். போன்ல நம்பரே வந்துச்சாம். எனக்கென்னங்க, காட்டுற எடத்துல ஓட்டை போடப்போறேன்."

பாயிண்ட் போட்டது நான்தான். போன் காட்டியது ஒரு விளையாட்டு.

விராலிமலை டீக்கடையில் இரண்டு இளைஞர்கள் என்னை அந்த வேலைக்குப் பிடித்திருந்தார்கள். ஓட்டல், செங்கல் சூளை, கோழிப்பண்ணை என்று எங்கும் ஒரு பருவம் தங்காதவன் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். "நல்லா நடப்பீங்களா?" என்பது மட்டும்தான் அவர்கள் கேட்ட கேள்வி. போனைத் தூக்கிப் பிடித்தால் எதிரே இருக்கும் இடம் அப்படியே தெரியும். விரலால் தொட்டால் அந்த மண்ணில் நீல ஊற்று ஒன்று குபுகுபுவென்று பொங்கும். பட்டணத்துப் பிள்ளைகள் போனோடு தேடி வந்து அந்த ஊற்றைக் குடித்தால் ஆட்டத்தில் அவர்களுக்குப் பலம் கூடுமாம். நான் ஊர் ஊராக நடந்து ஊற்று வைக்க வேண்டும். யாராவது கேட்டால், "பாயிண்ட் போடுறோம்னு மட்டும் சொல்லுங்க" என்றார்கள்.

அப்போதே எனக்கு இடித்தது. விளையாட்டுக்கு ஊற்று வைக்கிறவன் கிணற்றையும் வீட்டையும் வேலியையும் நாலு பக்கமும் சுற்றிப் படம் பிடித்து அனுப்புவது எதற்கு? கேட்டேன். "அப்பத்தான் நிஜம் மாதிரி இருக்கும்" என்றான் ஒருவன். மற்றவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. சாப்பாட்டுக்கு வேறு வழி இல்லாததால் போனை வாங்கிக்கொண்டேன்.

முந்தின நாள் கீரமங்கலத்தில் அந்த அக்காவின் தோட்டத்தில் நின்றபோது, "என்ன தம்பி பாக்குற?" என்று கேட்டார். "பாயிண்ட் போடுறோம்க்கா" என்றேன். ஓடிப்போய் மோர் கொண்டுவந்தார். நான் குடிக்கும்போது போனை வாங்கி வைத்திருந்தார். இந்தப் பக்கம் பாயிண்ட் என்றால் போர் போடத் தண்ணீர் பார்த்துக் குறிக்கிற இடம் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஊற்றுக்குக் கீழே 500 என்று எழுதியிருந்ததை அவர் அடிக்கணக்காகப் படித்திருக்கிறார். அது ஆட்டத்தில் கூடும் பலத்தின் எண்.

"வழி காட்டுறேன்" என்று லாரியில் ஏறினேன்.

மல்லிகைச் செடிகள் பாதி கருகி நின்றன. நடுவில் மஞ்சள் பூசிய வேப்பங்குச்சி ஒன்று நட்டு, அதன் தலையில் எலுமிச்சம்பழம் குத்தியிருந்தது. அக்கா முகம் நிறையச் சிரிப்போடு வந்தார். முந்தின நாள் காதில் தோடு இருந்தது. இப்போது அந்த ஓட்டைகளில் ஈர்க்குச்சி செருகியிருந்தார். போர் போடும் காசுக்குத் தோடு அடகுக்குப் போயிருக்கிறது.

"அக்கா, போர் போடாதீங்க. அங்க தண்ணி இருக்குன்னு நான் சொல்லல. அது போன்ல ஆடுற ஆட்டம்."

சிரிப்பு போய்விட்டது. "யாரு சொல்லிவிட்டா? மேலத் தோட்டத்துக்காரனா?"

"ஒருத்தரும் இல்லக்கா."

"நேத்து இருந்த தண்ணி இன்னைக்கு எங்க போகும்?"

போனைத் திறந்து காட்டினேன். ஊற்று குச்சிக்குப் பத்தடி தள்ளிப் பொங்கிக்கொண்டிருந்தது. மூடித் திறந்தால் அது சில நேரம் அப்படித்தான் நகரும். "பாத்தீங்களா, எடம் மாறுது. பொய்யின்னு தெரியுதுல்ல?"

"மாறுதுன்னா உள்ள ஓட்டம் இருக்குன்னுல்ல அர்த்தம்?" என்றார் அக்கா.

டிரைவர் ஸ்டியரிங்கில் தட்டிச் சிரித்தார். "அக்கா சொல்றது நாயந்தானுங்க. நீங்களே நல்லா மாட்டிக்கிட்டீங்க."

"இங்கிட்டு வா" என்று அக்கா என்னை மாட்டுக் கொட்டகைக்கு இழுத்துப் போனார். "இந்தச் சிமிண்டுத் தரையில வையி." வைத்தேன். பசுவின் காலடியில் நீலமாகப் பொங்கியது. கீழே 500. "அந்தக் கட்டில்ல." கட்டிலிலும் 500. "லாரி மேல." வைத்தேன்.

"என் வண்டி மேலயுங்களா?" என்று டிரைவர் எட்டிப் பார்த்தார்.

அக்கா போனையும் தோட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "வச்ச எடத்துல எல்லாம் ஐந்நூறுல தண்ணி இருந்தா இந்தச் செடி ஏன் இப்புடிக் கெடக்கு?" என்று மெதுவாகச் சொன்னார். அது என்னைக் கேட்டதாகத் தெரியவில்லை. பிறகு டிரைவரிடம், "வண்டியத் திருப்புங்க" என்றார்.

"என்னக்கா, இத்தனை தூரம் வந்துட்டு..."

"திருப்புங்கங்கறேன்ல."

அவர் என் மேல் கோபப்பட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். நிதானமாகக் கேட்டார். "சரி, ஆட்டமே இருக்கட்டும். என் தோட்டத்தையும் வீட்டையும் சுத்திச் சுத்திப் படம் புடிச்சியே, அது எதுக்கு?"

"தெரியலக்கா."

"தெரியாமயா புடிச்ச? இந்த மண்ணை அளக்க வந்தவன் எவன் உண்மையச் சொல்லிட்டு வந்தான்? அழி எல்லாத்தையும். என் கண்ணு முன்னால அழி."

அழித்தேன். விளையாட்டையும் சேர்த்து அழித்தேன். "இதுல அழிஞ்சிருச்சு. கம்பெனிக்குப் போனது அங்கதான் இருக்கும்க்கா" என்றேன்.

"யாருகிட்ட?"

அவர் குச்சியைப் பிடுங்கி வேலிக்கு அப்பால் எறிந்துவிட்டு, எலுமிச்சம்பழத்தை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குள் போனார். காதில் தோடு திரும்ப ஏற வேண்டும் என்று நினைத்துக்கொண்டே லாரியில் ஏறினேன். டிரைவர் என்னை ஆலங்குடியில் இறக்கிவிட்டார்.

அன்று பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். காலையில் போன் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துக் கம்பெனிக்காரன் ஒருவன் பைக்கில் வந்து போனை வாங்கித் தடவிப் பார்த்தான். "ஏன் அழிச்சீங்க? யாராச்சும் அழிக்கச் சொன்னாங்களா?" என்று அவனும் என்னையே சந்தேகப்பட்டான். "படம் எல்லாம் எங்க போகுது?" என்று நான் கேட்டேன். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, இனி வர வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் கூப்பிட்டார். "போர் போடறப்ப ராடு மாத்துற பையன் நேத்தே ஊருக்கு ஓடிட்டானுங்க. புழுதி தின்னுவீங்களா?"

"சூளையில தின்னதுதான்."

"பாயிண்ட் பாக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"எங்கயும் தெரியும்னு சொல்லிராதீங்க. ஏறுங்க."

இரும்பு ராடுகளின் மேல் துண்டை விரித்து உட்கார்ந்தேன். வண்டி கீரமங்கலம் பக்கம் திரும்பவில்லை என்பதைப் பார்த்த பிறகுதான் கையை ஊன்றிச் சாய்ந்தேன்.