சாம்பல் முகமூடியும் பேட்டரி மிஷினும்

சாம்பல் முகமூடி யாரிடமும் அனுமதி கேட்கமாட்டான். போலீஸ் கைவிட்ட அயோக்கியர்களைத் தேடிப் பிடித்து, நியாயத்தைத் தானே செய்து முடித்து, மேஜைமேல் ஒரு சிட்டிகைச் சாம்பலை வைத்துவிட்டுப் போய்விடுவான். ஒன்பது வயதில் எனக்கு அவனைவிடப் பெரிய ஆள் உலகத்தில் கிடையாது. அவன் கதை வந்த காமிக்ஸ் எல்லாம் பெரியப்பாவின் தகரப் பெட்டியில் இருந்தன. அவரும் அப்பாவும் டவுசர் போட்ட காலத்தில் தெப்பக்குளத்துப் பழைய புத்தகக் கடைகளில் பொறுக்கிச் சேர்த்தவை. அட்டை போனவை, நடுப்பக்கம் இல்லாதவை, யாரோ ஒரு பையன் வில்லனுக்கெல்லாம் மீசை வரைந்து வைத்தவை. ஒன்றில் கதாநாயகிக்கும் மீசை இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. சிரிப்பு வருகிற விஷயங்களை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

உறையூரில் எங்கள் வீட்டுக் கூடம் ரயில் பெட்டி மாதிரி நீளம். முன்பக்கம் அப்பா, அம்மா, நான். பின்பக்கம் பெரியப்பா, பெரியம்மா, அவர்கள் மகனான அண்ணன். அடுப்படி ஒன்றுதான். அப்பாவும் பெரியப்பாவும் ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர்கள். பெரியப்பா சேனல் என்கிற தகரச் சட்டத்தைக் கட்டிக்கொண்டே போவார், அப்பா அதில் பலகையை வைத்து முடுக்கிக்கொண்டே வருவார். அதற்காகத்தான் அந்தப் பேட்டரி மிஷினை வாங்கினார்கள். இம்பாக்ட் என்பார்கள். ஒயர் கிடையாது. ஸ்க்ரூவின் தலையில் வைத்து விசையை அழுத்தினால் டகடகவென்று தட்டித் தட்டி உள்ளே இறக்கிவிடும். பிடித்திருக்கிற கையை முறுக்காது. அது வீட்டுக்கு வந்த அன்று பெரியம்மா அதற்குச் சந்தனப் பொட்டு வைத்து எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். அண்ணனும் நானும் அதைச் சாம்பல் முகமூடியின் துப்பாக்கி என்று முடிவு செய்தோம்.

பிறகு, அவர்கள் சீலிங் போட்ட ஒரு கல்யாண மண்டபத்தில் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. ஆளில்லாத நேரம், யாருக்கும் காயமில்லை. மண்டபத்துக்காரர் கத்தி ஓய்ந்தபின், வீட்டுக்கு வந்து இவர்கள் ஆரம்பித்தார்கள்.

"புது மிஷின் வந்ததுலேர்ந்து உனக்குத் தலைகால் புரியல. பாதி ஸ்க்ரூ சேனல்லயே ஏறல" என்றார் பெரியப்பா.

"நீங்க சட்டத்த அகல அகலமா கட்டிட்டு என் ஸ்க்ரூவச் சொல்லாதீங்கண்ணே."

"அப்ப எனக்குத் தொழில் தெரியாதுங்கிற?"

"நான் சொல்லல. நீங்களே சொல்லிக்கிறீங்க."

யார் பேரில் தவறு என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. பெரியப்பா குடும்பம் பெரியம்மாவின் ஊரான வையம்பட்டிக்குப் போயிருந்த ஒரு நாளில், அப்பா கூடத்தின் குறுக்கே சிமெண்ட் போர்டுத் தடுப்பைப் போட்டுவிட்டார். திரும்பி வந்த பெரியப்பா அதை மேலும் கீழும் பார்த்தார். விரல் முட்டியால் ஓர் இடத்தில் தட்டினார். அப்புறம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பக்கத்துச் சந்தில் சுற்றிப் பின்வாசல் வழியாகத் தன் பக்கம் போனார். அன்றிலிருந்து அடுப்பும் இரண்டாயிற்று.

சாமான்களைப் பிரித்தபோது இம்பாக்ட் அப்பாவுக்கு, அதோடு வந்த துளைபோடும் மிஷின் பெரியப்பாவுக்கு. பேட்டரி ஆளுக்கொன்று. சார்ஜர் ஒன்றே ஒன்றுதான்; அது மூத்தவரிடம் நின்றுவிட்டது. ஆகவே தினமும் சாயங்காலம் அப்பாவின் பேட்டரியைப் பாவாடையில் ஏந்திக்கொண்டு சந்து வழியாகச் சுற்றிப் போவது என் வேலை. பெரியப்பா வாங்கி வைப்பார். காலையில் நான் போவதற்குள் அது முழுசாகச் சார்ஜ் ஏறி ஜன்னலில் இருக்கும். ஒரு நாளும் தவறியதில்லை.

"தனியா ஒரு சார்ஜர் வாங்கிட்டாத்தான் என்ன?" என்று அம்மா கேட்பார்.

"பாப்போம்" என்பார் அப்பா. வாங்கவில்லை.

என் கவலை வேறு. தடுப்பு விழுந்த நாளில் என் கையில் ஒரு காமிக்ஸ் இருந்தது. சுண்ணாம்புக் காளவாயில் சாம்பல் முகமூடியைக் கட்டிப் போட்டு நெருப்பு வைக்கிற இடத்தில் 'தொடரும்' போட்டிருந்தார்கள். மிச்சக் கதை தகரப் பெட்டியோடு அந்தப் பக்கம் போய்விட்டது. அண்ணன் பலகையின் அடியில் இருந்த இடுக்கு வழியாகக் கதையைச் சொல்லப் பார்த்தான். அவன் எந்தக் கதையைச் சொன்னாலும் நடுவில் ஹெலிகாப்டர் வரும். நம்ப முடியாது. இரவில் படுத்துக்கொண்டு யோசித்தேன். வீட்டை இரண்டாக்கியது அநியாயம். பெரியவர்கள் கைவிட்டுவிட்டார்கள். அப்படியானால் யார் செய்ய வேண்டும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா புது வேலைக்கு அளவெடுக்க வெறுங்கையோடு போனார். அம்மா வெக்காளியம்மன் கோயிலுக்குப் போனார். அந்தப் பக்கம் பெரியப்பாவும் பெரியம்மாவும் ஸ்ரீரங்கம் போயிருந்தார்கள். சிமெண்ட் போர்டு அறுக்கும்போது அப்பா மூக்கில் கட்டுகிற முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். அதில் நிஜமாகவே சாம்பல் நிறத் தூசி அப்பியிருந்தது. சாமி மாடத்திலிருந்து ஒரு சிட்டிகை விபூதியும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"ஏய், என்ன சத்தம் அங்க?" என்றான் அண்ணன்.

"நடுப் போர்ட கழட்டுறேன்."

"எங்கம்மா வந்தா கொன்னுடுவாங்கடி."

"சாம்பல் முகமூடிக்கு அம்மாவெல்லாம் கெடையாது."

"உனக்கு இருக்காங்கல்ல?"

நான் முகமூடியை இழுத்துச் சரிசெய்துகொண்டேன். விசைக்கு மேலே இருக்கிற பொத்தானை மறுபக்கம் தள்ளினால் மிஷின் திரும்பிச் சுற்றும் என்பது தெரியும். இரண்டு கையாலும் பிடித்து, கீழிருந்து ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றிக்கொண்டு மேலே போனேன். பாதியில் மிஷின் முனகி நின்றுவிட்டது. முந்தின சாயங்காலம் அதைச் சார்ஜுக்குக் கொண்டுபோக மறந்திருந்தேன்; பேட்டரி காலி.

"இரு, எங்கப்பா மிஷின்லேர்ந்து உருவித் தரேன்" என்றான் அண்ணன். பலகைக்கு அடியில் அவன் தள்ளிய பேட்டரி என் கால்விரலில் வந்து முட்டியது.

முக்காலிமேல் ஏறி உச்சி ஸ்க்ரூவைக் கழற்றினேன். பலகை ஒரு கணம் யோசித்தது. பிறகு என்மேலேயே சாய்ந்து, நல்லவேளையாகப் பீரோவில் முட்டி நின்றது. கூடாரத்துக்குள் இருப்பதுபோல நான் அதன் அடியில் குந்தியிருந்தேன். எதிரே அண்ணன். அவனுக்குப் பின்னால் கூடம் முழுக்க, கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகள்.

"என்னடா இது?"

"வெள்ளையடிக்கப் போறாங்களாம்."

அந்த நேரம் பார்த்து முன்வாசலில் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பின்வாசலில் பெரியப்பாவும் பெரியம்மாவும். அப்பா பலகையைத் தூக்கி என்னை வெளியே இழுத்தார். எனக்கு அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். விழவில்லை. எல்லோரும் அந்தத் திறப்பு வழியாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"புள்ளைக்கு அடி பட்டுச்சா?" என்றார் பெரியப்பா.

"இல்லண்ணே" என்றார் அப்பா.

பேசிவிட்டார்கள்! அண்ணனைப் பார்த்துக் கண்ணடித்தேன்.

அம்மா அட்டைப்பெட்டிகளைப் பார்த்தார். "என்னக்கா இதெல்லாம்?"

"வெள்ளையடிக்கிறோம்" என்றார் பெரியம்மா, தரையைப் பார்த்துக்கொண்டு.

அப்பாவின் கண்ணும் அந்தப் பெட்டிகளில்தான் இருந்தது. பலகையைக் கையில் பிடித்தபடி, அவர் எதற்கோ காத்திருப்பதுபோல நின்றார். பெரியப்பாவும் நின்றார். யாராவது ஒருவர் 'கெடக்கட்டும், விடு' என்று சொல்லியிருந்தால் போதும். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

"மூலை உடைஞ்சிருக்கு. திருப்பிப் போட்டா தெரியாது" என்றார் பெரியப்பா.

"சரிண்ணே."

இந்தப் பக்கம் வந்து அப்பாவோடு சேர்ந்து பலகையைத் திருப்பினார். அதைத் தூக்கி நிறுத்தி, விழாமலிருக்க மேலே இரண்டு ஸ்க்ரூ போடுவதற்குமுன், திரும்பிப் போய்த் தகரப் பெட்டியைத் தூக்கி வந்து எங்கள் பக்கம் வைத்தார். "இது இங்கயே இருக்கட்டும்" என்றார். எனக்கு ஆகாயத்தில் பறப்பதுபோல இருந்தது. அப்பா பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காதது அப்போது விநோதமாகப் பட்டது. அம்மா காபி கொடுத்தார். பெரியப்பா நின்றுகொண்டே குடித்தார். உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

அந்த வாரமே ஒரு குட்டி லாரி வந்து அட்டைப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம் போயிற்று. சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டினால் ஸ்ரீரங்கம். திருச்சிக்காரர்கள் அதைப் பயணம் என்றே சொல்லமாட்டார்கள். அப்பா அந்த பஸ்ஸில் ஏறவே இல்லை. பல வருஷம் கழித்து, பெரியப்பாவுக்கு நெஞ்சுவலி என்று அண்ணன் போன் செய்த அன்று ஏறினார். அப்பா அங்கே போனபோது பெரியப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த மதியம் இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? பெரியப்பா டம்ளரை வைத்துவிட்டு, எங்கள் வாசல் வழியாக இறங்கி, சந்தில் சுற்றி, தன் பக்கம் போனார். சட்டத்தைப் பின்னாலிருந்து யாராவது அழுத்திப் பிடித்தால்தான் ஸ்க்ரூ நன்றாகக் கடிக்கும்.

"புடிச்சிருக்கேன், போடு" என்று பலகைக்குப் பின்னால் அவர் குரல் கேட்டது.

டகடகடக.

"மட்டம் பாத்துக்க."

"சரியா இருக்குண்ணே."

இரண்டு பேரும் ஒரு கை வைத்தால் மறு கை வருவதுபோல வேலை செய்தார்கள். எவ்வளவு அழகாகப் பேசிக்கொள்கிறார்கள்! சாம்பல் முகமூடிகூட இத்தனை சுலபமாக ஒரு நியாயத்தைச் செய்ததில்லை என்று நினைத்தேன். கடைசி ஸ்க்ரூவை வைத்தபோது அப்பா நிறுத்தினார்.

"கைய எடுத்துருங்கண்ணே. குத்திடும்."

"எடுத்துட்டேன்."

ஸ்க்ரூ இறங்கியது. மிஷினைக் கீழே வைத்த பிறகும் அப்பா இரண்டு உள்ளங்கைகளையும் பலகைமேல் ஊன்றி, தலையைக் குனிந்து, அப்படியே நின்றார். ஸ்க்ரூ சரியாகக் கடிக்கவில்லை போலிருக்கிறது என்று எண்ணி, ஓடிப்போய் ஒரு கை நிறைய ஸ்க்ரூவை அள்ளி அவரிடம் நீட்டினேன்.