வீக்கத்தைக் குறைத்துச் சொன்ன தங்கை

என் தங்கை பெண்களுக்கான தையற்கடை நடத்துகிறாள். இடுப்பளவை உள்ளபடி எடுத்துத்தான் துணியை வெட்டுவாள்; வாடிக்கையாளரிடம் மட்டும் ஓரங்குலம் குறைத்துச் சொல்வாள். உடையும் கச்சிதமாக இருக்கும், யார் மனமும் நோகாது.

அவளுடைய மார்பகப் புற்று நுரையீரல்வரை பரவியபின், கீமோவுடன் ஒரு தடுப்பூசியும் போட்டுப் பார்க்கும் சோதனையில் சேர்த்துக்கொண்டார்கள். நோய் வராமல் தடுக்கும் ஊசியல்ல இது. புற்றணுக்களை இனங்கண்டு தாக்க உடம்பைப் பழக்கும் ஊசி. பலன் உண்டா என்பது யாருக்கும் தெரியாது. அதற்காகத்தான் சோதனை.

இரண்டாம் ஊசிக்குப் பின் தொடை சிவந்து வீங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போனில் அகலம் கேட்டார். டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு, "மூணு சென்டிமீட்டர் இருக்கும் சிஸ்டர்" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கண்ணுக்கு ஏழு தெரிந்தது. அவள் போனை வைத்ததும் கேட்டேன்:

"என்னடி இது, இடுப்பளவா கொறச்சுச் சொல்ல?"

"சும்மா இருண்ணா. ஏழுன்னு சொன்னா ஊசியையே நிறுத்திடுவாங்க. எனக்கு வேற என்ன இருக்கு?"

நான் அவளை முறைத்தேனே தவிர, ஆஸ்பத்திரிக்குச் சொல்லவில்லை.

அடுத்த முறை போனபோது வீக்கம் வடிந்திருந்தது. டாக்டருக்கு ஏக மகிழ்ச்சி. "உங்களுக்கு நல்லாவே தாங்குது. ஊசி மருந்தோட அளவைக் கூட்டப் போறோம். வெளிய ஒருத்தங்க உட்கார்ந்திருக்காங்க பாருங்க, அவங்களுக்கு முதல் ஊசியே கூட்டின அளவுலதான்."

கதவுக்கு வெளியே, தலையில் துணி கட்டிய ஒரு பெண் கைப்பையை அணைத்தபடி இருந்தார். தங்கை அவரையே பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"டாக்டர், அது மூணு இல்ல. ஏழு. பயத்துல கொறச்சுச் சொல்லிட்டேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னைக்கு உங்களுக்கு கீமோ மட்டும் போகட்டும். ஊசியைத் தொடரலாமான்னு மத்தவங்களையும் கேட்டுட்டுச் சொல்றேன்."

அந்த ஒரு வாரம் அவள் போனைக் கையிலிருந்து இறக்கவில்லை. ஊசி தொடரும், பழைய அளவிலேயே, இருவருக்கும், என்று சேதி வந்தது.

மறுமுறை அந்தப் பெண்ணும் அவளும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

"வலிக்குமாக்கா?"

"வலிக்கும். நல்லாவே வீங்கும். சிஸ்டர் கேட்டா உள்ளதைச் சொல்லிடு, என்னை மாதிரி கொறச்சுச் சொல்லாதே. இதோ இருக்காரே எங்கண்ணன், அன்னைக்கு மொறச்ச மொறப்புல எனக்குக் காய்ச்சலே வந்திருக்கும்."

இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.