கையில் சுற்றிய கயிறு

என் அக்கா இறைச்சிக் கடைக்காரி. கடையை விற்றுவிட்டு ஆற்றில் ஒரு படகை வாங்கி அதிலேயே குடியேறியபோது, அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று குடும்பமே பேசியது. அதை அவள் முகத்துக்கு நேரே சொன்னவன் நான் ஒருவன்தான். பலன், முதுகில் ஓர் அறை. அவளுக்கு அன்பானாலும் கோபமானாலும் கைதான் முதலில் பேசும்.

கடையில் வேலை பார்த்த பெண்ணிடம் ஒருவன் வம்பு செய்தான். அக்கா அவனைக் காலரோடு தூக்கி, இறைச்சி மாட்டும் கொக்கியில் சட்டையை மாட்டித் தொங்கவிட்டாள். சட்டை கிழிந்து அவன் விழுந்ததில் ஒரு பல் தெறித்தது. அதைக் கூட்டித் தள்ளிவிட்டு, அடுத்தவருக்கு ஈரல் நிறுத்துக் கொடுத்தாள்.

அப்பேர்ப்பட்டவள் ஆற்றில் எவ்வளவு சாதுவாக இருந்தாள் என்று பார்த்தால்தான் நம்ப முடியும். படுக்கைக்கு அடியில் வெங்காயக் கூடை, அடுப்புக்கு மேலே அவளுடைய பழைய வெட்டுக்கத்தி, கூரையில் துவைத்த துணி. ஜன்னலைத் திறந்தால் வாத்து தலையை நீட்டி ரொட்டி கேட்கும். காலையில் கால்களைத் தண்ணீரில் தொங்கப்போட்டுக் கொண்டு காபி குடிப்பாள். பக்கத்து வீட்டுக்காரனைப் பிடிக்கவில்லையென்றால் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய்விடலாம், இந்த வசதி எந்த பங்களாவில் இருக்கிறது என்று கேட்பாள். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

நான் தையற்காரன். லீவு போட்டுவிட்டு அவளோடு தங்கப் போயிருந்தேன். படகைக் கரையில் கட்ட உதவும்போது, கயிறு நழுவாமலிருக்க அதை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டேன். மணிக்கட்டில் சுளீரென்று ஓர் அடி விழுந்தது.

"கயித்தைக் கையில சுத்தாதடா. படகு இழுத்தா கையும் கூடவே போயிடும்."

விரலை வைத்துப் பிழைக்கிறவன் நான். உடனே அவிழ்த்தேன்.

மறுநாள், மேலே எங்கோ பெய்த மழையில் ஆறு செந்நிறமாகப் பொங்கி வந்தது. நாங்கள் படகை இரண்டு மரங்களில் இறுக்கிக் கட்டியிருந்தோம். எங்களுக்குக் கொஞ்ச தூரம் கீழே தடுப்பணை. அதில் தண்ணீர் விழும் இரைச்சலில் கத்தினால்தான் காதில் விழும்.

அப்போதுதான் ஒரு வாடகைப் படகு என்ஜின் நின்றுபோய் வந்து எங்கள்மேல் மோதியது. அதில் விடுமுறைக்கு வந்த கணவனும் மனைவியும். கணவர் தலையில் கப்பல் கேப்டன் தொப்பி. கையில் கயிற்றோடு எங்கள் படகுக்குத் தாவினார். எங்கள் படகில் கயிறு கட்டும் இரும்புக் குற்றியில் கயிற்றை ஒரு சுற்று சுற்றி, மிச்சத்தைத் தன் கையில் சுற்றிக்கொண்டார். நான் கத்துவதற்குள் அவர் படகை வெள்ளம் இழுத்தது. கயிறு விறைத்தது. அவர் கை குற்றியோடு சேர்ந்து நசுங்கியது.

அப்படி ஒரு அலறலை நான் கேட்டதில்லை.

அக்கா உள்ளே ஓடி வெட்டுக்கத்தியோடு வந்தாள். ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. கயிற்றின் மறுமுனையில் ஆடிக்கொண்டிருந்த படகில் அந்த மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வெட்டு! வெட்டித் தொலை!" என்றார் தொப்பிக்காரர்.

"உன் பொண்டாட்டி இன்னும் அதுலதான்யா இருக்கா."

"தெரியும்! என் கைய எடு முதல்ல! வெட்டு!"

அக்கா கத்தியைப் பலகையில் குத்தி நிறுத்திவிட்டு, வேறொரு கயிற்றை அந்தப் பெண்ணிடம் எறிந்து, இடுப்பில் கட்டிக்கொள்ளச் சொல்லி சைகை காட்டினாள். தொப்பிக்காரர் இன்னொரு கையால் அக்கா மூக்கில் குத்தினார். ரத்தம் கொட்டியது. துடைக்கக்கூட இல்லை. அவர் எட்டிக் கத்தியைப் பிடுங்கப் போனார். அக்கா முழங்கையால் அவர் தாடையில் ஒரு இடி இடித்தாள். அவர் சுருண்டார்.

அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு குதித்தாள். வெள்ளம் அவளை உருட்டியது. நானும் அக்காவும் இழுத்தோம். இந்தத் தடவை நான் கையில் சுற்றவில்லை, உள்ளங்கைத் தோல் உரிந்தும் விடவில்லை. எங்கள் படகின் கம்பியை அவள் பிடித்த பிறகுதான் அக்கா கத்தியை எடுத்தாள். ஒரே வெட்டு.

வாடகைப் படகு தடுப்பணையில் கவிழ்ந்து பலகை பலகையாகப் பிளந்தது. குற்றியில் கயிறு தளர்ந்தபோது இரண்டு விரல்கள் அவர் கையோடு வரவில்லை. அக்கா அவற்றைக் கழுவி, துணியில் சுற்றி, ஐஸ் பையில் வைத்து ஆம்புலன்ஸில் கொடுத்தனுப்பினாள். ஒட்டவைக்க முடியவில்லை.

அடுத்த வாரம் போலீஸிலிருந்து ஆள் வந்தது. கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே விரல் போகும்வரை வேடிக்கை பார்த்தாள், தாடையை உடைத்தாள் என்று தொப்பிக்காரர் புகார். கொக்கி விவகாரத்தையும் யாரோ தோண்டி எடுத்துக் கொடுத்திருந்தார்கள். நிரூபணமானால் ஜெயில்தான், படகை மறந்துவிட வேண்டியதுதான் என்று வக்கீல் கையை விரித்துவிட்டார். ஸ்டேஷன் பெஞ்சில் வீங்கிய மூக்கோடு அக்கா உட்கார்ந்திருந்தாள்.

இன்ஸ்பெக்டர், தொப்பிக்காரரின் மனைவியைக் கூப்பிட்டு, புகாரில் உள்ளதெல்லாம் சரியா என்று கேட்டார். தொப்பிக்காரர், இப்போது தொப்பி இல்லாமல், அவளைத் தலையாட்டச் சொல்லிக் கண் காட்டினார்.

"சரிதான் சார். இந்தக்கா உடனே வெட்டல. வெட்டியிருந்தா நான் இங்க வந்து பதில் சொல்ல முடியாது. நான் உள்ள இருக்கேன்னு அக்கா சொன்னாங்க. அதுக்கப்புறமும் இவரு வெட்டுன்னாரு."

வலியில் ஏதோ கத்தியிருப்பார் என்றார் இன்ஸ்பெக்டர்.

"இருக்கலாம் சார். ஆனா தெரியும்னாரு. அது எனக்குக் கேட்டுச்சு."

தொப்பிக்காரர் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, புகாரைத் திருப்பி வாங்கிக்கொண்டு தனியாகப் போனார்.

வாசலில் அந்தப் பெண் எங்கே போவது என்று தெரியாமல் நின்றாள். அவளிடம், படகில் என் படுக்கை காலியாகப் போகிறது, எனக்குக் கடையில் தைக்கவேண்டிய துணி குவிந்து கிடக்கிறது, நான் ஊருக்குக் கிளம்புகிறேன் என்றேன். அக்கா என் முதுகில் ஓர் அறை விட்டாள்.