ஊசியை மாற்றச் சொன்ன என் மகள்

எங்கள் ஊர் முக்கூடல். பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் செல்வியை, எச்.ஐ.வி. தடுப்பு பற்றிச் சக மாணவர்களுக்கு எடுத்துச் சொல்லும் பயிற்சிக்குப் பள்ளியில் தேர்ந்தெடுத்தார்கள். "ஏட்டி, பொம்பளப் பிள்ள பேசுத பேச்சா இது?" என்று சத்தம் போட்டேன். டீச்சர் வற்புறுத்தியதால் அரை மனதாகத்தான் அனுப்பினேன்.

அந்த ஆண்டு கோயில் கொடைத் திருவிழாவில் பச்சை குத்தும் கடை வந்திருந்தது. மகள் பெயரைக் குத்திக்கொள்ள ஆசைப்பட்டு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் குத்திக்கொண்ட பெண் எழுந்ததும், கடைக்காரர் அதே ஊசியைத் துணியில் துடைத்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

செல்வி சட்டென்று என் கையை இழுத்தாள். "அண்ணாச்சி, ஊசிய மாத்துங்க."

"எல்லாத்துக்கும் இதுலதான் குத்துதேன். ஒண்ணும் ஆவாது."

எனக்கோ வெட்கம். "சும்மா இருட்டி" என்றேன்.

அவள் விடவில்லை. "ஒருத்தர் ரத்தம் பட்ட ஊசிய அடுத்தவங்களுக்குக் குத்துனா எச்.ஐ.வி., மஞ்சக்காமாலை எல்லாம் பரவும். யாருக்கு இருக்குன்னு முகத்தப் பாத்துச் சொல்ல முடியாது. மையும் ஆளுக்குத் தனியா ஊத்தணும்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி, நிதானமாகச் சொன்னாள்.

வரிசையில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். முன்னால் குத்திக்கொண்ட பெண் பயந்துபோனாள். "பயப்படாதீங்க அக்கா, இப்பமே ஆஸ்பத்திரில போய்க் கேட்டுக்கலாம்" என்று செல்வியே உடன் சென்றாள். பிறகு செய்த பரிசோதனைகளில் அந்தப் பெண்ணுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தது.

மறுநாள் கடைக்காரர் ஆளுக்கொரு புது ஊசிப் பாக்கெட்டைக் கண்ணெதிரே பிரித்தார். "ஒங்க மக டீச்சராட்டம் பேசுதாளே!" என்று தெருவே பாராட்டியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்போது எங்கே ஊசி போட்டாலும் புதிதா என்று வாய்விட்டுக் கேட்கிறேன். இந்த ஆண்டுப் பயிற்சிக்குப் பிள்ளைகளை அனுப்ப என்னைப் போலவே தயங்கிய அம்மாக்கள் மூன்று பேர் வீட்டுக்கு நானே போய்ப் பேசினேன். மூன்று பிள்ளைகளும் சேர்ந்துவிட்டார்கள்.