அம்மாவின் காக்கைகளும் அப்பாவின் வாத்துக் குஞ்சுகளும்

என் அப்பா நல்லசிவம் தினமும் பன்னிரண்டரை மணிக்குக் காக்கைகளைக் கூப்பிடுவார். பன்னிரண்டே முக்காலுக்கு அவற்றை விரட்டுவார். இடைப்பட்ட கால் மணி நேரத்தில் அவை அம்மாவுக்கென்று வைத்த சோற்றைத் தின்றுவிட்டு, கீழே நீந்தும் வாத்துக் குஞ்சுகளைப் பார்க்க ஆரம்பித்திருக்கும்.

அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது. திசையன்விளையிலிருந்து வந்து தி.நகரில் முப்பத்தொன்பது வருஷம் பாவாடைத் துணியும் ஜாக்கெட் பிட்டும் விற்றவர். கடையை என் தம்பி பாலகணேஷிடம் கொடுத்துவிட்டு, கோட்டூர்புரத்தில் மூன்றாம் மாடி வீட்டில் இருக்கிறார். போன கார்த்திகையில் அம்மா போய்விட்டாள். அன்றிலிருந்து பால்கனி சன்ஷேடில் ஒரு கைப்பிடி சோறு வைத்து, அதைக் காக்கை தொட்ட பிறகுதான் தன் தட்டின் முன் உட்காருவார்.

பக்கத்து மனையில் வீடு கட்டக் குழி தோண்டினார்கள். மனைக்காரர் வீட்டு அண்ணன் தம்பி வழக்கில் வேலை நின்றது, மழை நிற்கவில்லை. குழி குளமாகிக் கோரை முளைத்து, எங்கிருந்தோ ஒரு புள்ளிமூக்கு வாத்து வந்து ஒன்பது குஞ்சு பொரித்தது.

நான் வேலை பார்க்கும் ரோட்டர்டாமில் அலுவலகக் கூட்டம் நடக்கும்போது அப்பாவிடமிருந்து படம் வரும். ‘ஒம்பது.’ மறுநாள், ‘எட்டு. பருந்து.’ அதற்கடுத்த நாள், ‘ஏழு. காக்கா.’ அதன்பிறகு எனக்கு வேலை ஓடாது. வாத்துக்காக இல்லை. அப்பா துணி அளக்கும் இரும்புக் கம்பியோடு பால்கனிக் கைப்பிடிக்கு மேல் பாதி உடம்பை நீட்டி வீசுகிறார் என்று தம்பி சொல்லியிருந்தான்.

அம்மாவின் முதல் திதிக்கு மகள் நான் வந்து சேர்ந்தபோது நான்கு குஞ்சுகள் மிச்சம்.

வந்த அன்று மதியம் அந்தக் கம்பி வீச்சை நானே பார்த்தேன். பின்னாலிருந்து அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

“சனியன் புடிச்ச காக்கா. தெனமும் எங்கிருந்துதான் வருதோ” என்றார்.

கீழே நின்றிருந்த வாட்ச்மேன் வெள்ளைச்சாமி அண்ணாந்து பார்த்தார். “அண்ணாச்சி, தப்பா எடுத்துக்காதீங்க. தெனமும் பன்னண்டரைக்கு அதுங்கள அழைக்கிறதே நீங்கதான்.”

“நான் எங்கய்யா அழைச்சேன்? அது எங்க வீட்டம்மாவுக்கு வைக்கிற சோறு.”

“அம்மா ஒருத்தங்க. பந்திக்கு வர்றது இருவது பேரு.”

அப்பா கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். வாட்ச்மேனுக்குத் தெரிந்தது இத்தனை வருஷம் வியாபாரம் செய்தவருக்குத் தெரியவில்லையே என்று நான் வாயை விட்டேன். சாயங்காலக் காபி வரை என்னோடு பேச்சில்லை.

மறுநாள் திதி. காக்கை தொடாமல் அப்பா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். சர்க்கரை வியாதிக்காரர் வேறு. சோறு வைத்தால் ஒரு குஞ்சு போகும். வைக்காவிட்டால் அம்மா பட்டினி. இதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்.

“பட்டினப்பாக்கத்துல போய் வப்போம். அங்கயும் காக்காதான இருக்கு.”

எவர்சில்வர் டப்பாவில் பருப்புச் சோறு, உளுந்த வடை, சுருட்டிய வாழையிலை. ஆட்டோவில் போய், மீன் கடைகளுக்குப் பின்னால் மணலில் இலையை விரித்தோம். அப்பா கூப்பிட்டார். தார்ப்பாய் மேல் உட்கார்ந்திருந்த காக்கைகள் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டன. முக்கால் மணி நேரம் கூப்பிட்டார். மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மாளுக்கே பொறுக்கவில்லை.

“இன்னா நைனா, காலைலேந்து வஞ்சிரத் தலை துன்னுக்கினு கீதுங்க. உன் பருப்பு சோத்த எப்டி தொடும்? ரெண்டு கருவாடு வச்சிப் பாரு, வரும்.”

“திதிச் சோத்துலயாம்மா கருவாடு வைக்கச் சொல்லுத?”

“அப்போ நீயே துன்னு.”

இரண்டரை மணிக்கு வீடு திரும்பினோம். சன்ஷேடில் எங்கள் வீட்டுக் காக்கைகள், பந்தி பிந்திய கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

குழி இருப்பது பால்கனிப் பக்கம். எதிர்ப்பக்கம், தெருவைப் பார்த்த அடுக்களை ஜன்னலில் வைக்கலாம் என்றேன். வைத்தார். ஒன்றுகூட அந்தப் பக்கம் வரவில்லை. சன்ஷேடை விட்டு நகரவில்லை.

“ஒங்கம்மா மாதிரியே” என்றார் அப்பா எரிச்சலோடு. “ஒரு எடம் பழகிட்டா மாத்த மாட்டா.”

மணி மூன்று தாண்டியிருந்தது. நான் டப்பாவைத் திறந்து நீட்டினேன். “ஒரு வாய் சாப்பிடுங்கப்பா.”

“அவ சாப்பிடட்டும். நீ சன்ஷேடுல வச்சுக் கூப்பிடு. நான் கீழ போய் நிக்குதேன். எது குழியில எறங்குதுன்னு பாக்குதேன்.”

கம்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். நான் சோற்றை வைத்துக் கூப்பிட்டேன். ஊரை விட்டுப் போய்ப் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு கூப்பிடுகிறேன். என் குரல் எனக்கே கூச்சமாக இருந்தது. காக்கைகள் வந்தன. வடையைக் கொத்தின. ஒன்றுகூடக் கீழே பார்க்கவில்லை.

கீழே அப்பா வேட்டியை மடித்துக் கட்டி, கம்பியை ஓங்கி, வானத்தைப் பார்த்தபடி நின்றார். நான்கு குஞ்சுகளும் தாயின் பின்னால் கரையேறி, அவர் காலிலிருந்து பத்தடி தள்ளிச் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தன. இறுகிப்போன சிமென்ட் மூட்டைகளுக்கு இடையிலிருந்து ஒரு கீரி தலையை நீட்டியது.

“அப்பா, கீழே” என்றேன்.

அவர் மேலே பார்த்தார். இத்தனை நாளும் ஆபத்து மேலிருந்துதானே வந்தது.

தாய் வாத்து சிறகடித்துக் கத்தியது. மூன்று குஞ்சுகள் தண்ணீரில் விழுந்து கோரைக்குள் ஓடின. நான்காவது கீரியின் வாயில் மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் போயிற்று. அப்பா வீசிய கம்பி சேற்றில் குத்திக்கொண்டு நின்றது.

மெதுவாக மேலே வந்தார். “காக்கா சாப்ட்டுதா?”

“சாப்ட்டுதுப்பா.”

“ஒண்ணும் எறங்கலையே?”

“எறங்கல.”

இலையின் முன் உட்கார்ந்து வடையைப் பிட்டார். வாயில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

“இப்ப நான் யாரத்தான்ளா வெரட்ட?” என்றார். பிறகு சாப்பிட்டார்.

ரோட்டர்டாம் திரும்பிப் பத்து நாள் கழித்து ஒரு படம் வந்தது. குஞ்சுகள் பெரிதாகியிருந்தன. கீழே ‘மூணு’ என்று மட்டும் எழுதியிருந்தார். உடனே ஃபோன் செய்தேன்.

“சோறு வைக்கிறீங்களாப்பா?”

“வைக்காம?”

“கூப்பிடுறீங்களா?”



“மெதுவாக் கூப்பிடுதேன்” என்றார்.